பங்கிறைச்சி: கோப்பாய்ச் சமூக வரலாற்றில் ஒரு சிக்கன மரபு

யாழ்ப்பாணத்து வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பாயை நினைவுகூரும் இடங்கள் சில உள. 1560ஆம் ஆண்டில் போர்த்துக்கேயப் பதிலாளுநன் கொன்சுதந்தீனு த பிறகன்சா நல்லூர்மீது படையெடுத்து வந்தபோது, சங்கிலி மன்னன் தலைநகரை விட்டுப் பின்வாங்கிய இடம் கோப்பாய் என்பது அவற்றுள் ஒன்று. ‘திராவிடப் பிரகாசிகை’ தந்த சபாபதி நாவலர் இவ்வூரிற் பிறந்து ‘வடகோவை’ என்னும் அடைமொழியாற் சுட்டப்பட்டார். ஆறுமுக நாவலர்க்குக் கல்வி புகட்டிய சேனாதிராய முதலியார் அயலிலுள்ள இருபாலையைச் சேர்ந்தவர். ஆசிரியர் பயிற்சிக்குப் பெயர்பெற்ற கலாசாலையும் இவ்வூரிலேயே அமைந்தது. அரசும் புலமையும் கல்வியும் இவ்வாறு ஏடுகளில் இடம்பெற்றன. ஆயின் அவ்வூர் மக்கள் தம் அடுக்களைச் செலவை எவ்வாறு அடக்கினர், விலைமிக்க பொருளொன்றை எளியோரும் உண்ணத்தக்கதாக எவ்வாறு ஆக்கிக்கொண்டனர் என்பன ஏடேறவில்லை. ஒரு சமுதாயத்தின் இயல்பை அதன் போர்கள் காட்டுமளவிற்கு அதன் சிக்கனமும் காட்டும். அவ்வகையிற் கோப்பாய் உள்ளிட்ட யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் ‘பங்கிறைச்சி’ என்னும் வழக்கம் ஆராயத்தக்கதாகின்றது.

ஒரு கிடாயைப் பல குடும்பத்தினர் சேர்ந்து முழுதாக விலைக்கு வாங்கி, ஊரிலேயே வெட்டி, சமமான கூறுகளாகப் பிரித்துக்கொள்வதே பங்கிறைச்சி எனப்படும். ‘ஆடடித்துப் பங்கு போடுதல்’ என்பது பேச்சு வழக்கு. தீபாவளி, சித்திரை வருடப் பிறப்பின் மறுநாள் முதலான நாள்களில் இது சிறப்பாக நிகழும். மேலோட்டமாக நோக்குவார்க்கு இஃது இறைச்சியை மலிவாகப் பெறும் உபாயம் மட்டுமே. உண்மையில் அது நிலம், நீர், சமயம், சாதி, நம்பிக்கை ஆகிய யாவும் வந்து கூடும் ஒரு சிறு களமாகும்.

பங்கு என்னும் கருத்து

போரிலே கவர்ந்த ஆநிரையை வீரர் தம்முட் பகிர்ந்துகொள்வதை வெட்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வகுத்த தொல்காப்பியம் அதனைப் ‘பாதீடு’ எனப் பெயரிட்டது. பாதீட்டை அடுத்து உண்டாட்டும், அதனை அடுத்துக் கொடையும் வைக்கப்பட்டுள்ளன. முதலிற் பகிர்வு, பின்னர் விருந்து, இறுதியில் ஈகை என்னும் இவ்வரிசை ஈண்டு மனங்கொளத்தக்கது. பகிர்விற் பெறுவோன் உரிமையாற் பெறுகின்றான். கொடையிற் பெறுவோன் பிறர் மனமுவந்து ஈந்தமையாற் பெறுகின்றான். இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடே பங்கிறைச்சியின் வரலாற்றை விளக்கும் திறவுகோல் எனலாம். அண்மைக்கால இலங்கைத் தமிழ் வழக்கில் வரவு செலவுத் திட்டத்தைப் பாதீடு என்று அழைப்பர். நிரை பங்கிட்ட சொல்லே பணம் பங்கிடும் சொல்லாக மாறியமை பொருத்தமானதே.

யாழ்ப்பாணத்தவரின் அன்றாட வாழ்விலும் பங்கு என்னுஞ் சொல் ஆழ வேரூன்றியதாகும். ஆறுகளற்ற சுண்ணக்கற் குடாநாட்டிலே கிணறே உயிர்நாடி. கிணறு வெட்டுவது பெருஞ்செலவாதலாலும், தேசவழமையின்படி சொத்து பிள்ளைகளிடையே பிரிந்து செல்வதாலும், ஒரே கிணற்றிற் பலர் உரிமை கொண்டாடும் நிலை தோன்றிற்று. காணி உறுதிகளில் நிலத்தின் பரப்போடு கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்படும். இன்னார்க்கு இன்ன நாளில் இறைப்பு முறை என்பதைத் தோட்டக்காரர் மறவார். கோப்பாயின் செம்மண் தோட்டங்களிற் புகையிலையும் வெங்காயமும் மரக்கறியும் விளைந்தது இந்தப் பங்கு முறையினாலேயாம். நீரைப் பிழையின்றிப் பகிரப் பழகிய கைகள் இறைச்சியையும் அவ்வாறே பகிர்ந்தமையில் வியப்பில்லை.

அன்னியர் ஆட்சியும் அடுக்களையும்

யாழ்ப்பாண அரசு 1619இற் போர்த்துக்கேயர் வசமாயிற்று. அக்காலத்தைப் பற்றி மரபாக வழங்கிவரும் செய்தியொன்று, இறைச்சியும் ஆட்சியும் தொடர்புறும் முறையைக் காட்டுகின்றது. ஆட்சியாளரின் உணவிற்காக ஒவ்வொரு வீட்டாரும் முறைவைத்துப் பசு கொடுத்தல்வேண்டும் எனக் கட்டளை பிறந்ததென்றும், தம் முறை வந்தபோது அதற்கு உடன்பட மனமின்றித் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் இரவோடிரவாக ஊரை நீங்கி இந்தியா சென்றார் என்றும் கூறுவர். சிதம்பரத்தில் உள்ள ஞானப்பிரகாசர் குளம் அவர் பெயரால் விளங்குவது. திருநெல்வேலிக்கும் கோப்பாய்க்கும் இடைத்தூரம் அதிகமன்று. இச்செய்தியிலும் ஒரு ‘முறை’ உண்டு. ஆயின் அஃது ஊரார் தாமே வகுத்த முறையன்று, வலியோர் சுமத்திய முறை. விரும்பிச் சேர்ந்து பங்கிடுவதற்கும் அஞ்சி முறைகொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இது நன்கு உணர்த்துகின்றது.

1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்டனர். ஆங்கிலேயராட்சியிற் சைவ மறுமலர்ச்சியை முன்னெடுத்த ஆறுமுக நாவலர் (1822–1879) புலாலுண்ணலையும் உயிர்ப்பலியையும் வன்மையாகக் கண்டித்தார். அவர் எழுதிய பாலபாடங்கள் வாயிலாகக் கொலையும் புலாலும் பாவமென்னும் போதனை பள்ளிச் சிறுவர் உள்ளத்திற் பதிந்தது. ஆயினும் யாழ்ப்பாணத்துச் சைவர் அனைவரும் புலாலைத் துறந்துவிட்டனர் என்று கொள்ளலாகாது. அவர்கள் நாளை வகுத்துக்கொண்டனர் என்பதே பொருந்தும். வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் பூரணையும் சதுர்த்தியும் சஷ்டியும் கார்த்திகையும் மரக்கறி நாள்களாயின. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் இருபத்தைந்து நாள் உற்சவத்தின்போது பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. மச்சத்திற்கென வேறு சட்டி வைத்திருப்பதும் வழக்கமாயிற்று.

இந்த நாட்கணக்கு சமய ஒழுக்கமாக இருந்ததோடு, அதனை அறியாமலே ஒரு பொருளாதார ஒழுங்காகவும் அமைந்தது. இறைச்சி அரிதான பொருளாகவே இருந்தது. கடலாற் சூழப்பட்ட குடாநாட்டில் அன்றாட மச்சம் மீனேயாம். ஆட்டிறைச்சி பெருநாட் பண்டம். ஆண்டிற் சில நாள்களுக்கே தேவைப்படும் பொருளை அன்றாடக் கடையை நம்பிப் பெறவேண்டியதில்லை. முன்கூட்டியே திட்டமிட்டுக் கூட்டாகப் பெறலாம். எனவே, விரதங்கள் இறைச்சியின் அளவைக் குறைத்தன. பங்கு அதன் விலையைக் குறைத்தது. தீபாவளியன்று இறைச்சி உண்டு, ஐப்பசி அமாவாசை கழிந்ததும் கந்தசஷ்டி விரதம் தொடங்கும் குடும்பங்கள் இன்றும் பல. பங்கு ஒரு நாளிலேயே உண்டு முடியக்கூடிய அளவினதாக இருக்கவேண்டியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இறைச்சிக் கடையைப் பொறுத்தவரையில், 1893ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க இறைச்சிக்கடைக்காரர் கட்டளைச் சட்டம் உரிமமின்றி இறைச்சி வணிகம் செய்வதைத் தடுத்தது. உரிமமும் குத்தகையும் பரிசோதனையும் கொண்ட தொழிலாக அது வளர்ந்தது. யாழ்ப்பாண நகரிலே இத்தொழிலில் முஸ்லிம் மக்கள் நெடுங்காலம் சிறப்பிடம் பெற்றிருந்தனர். அச்சட்டத்தின் நோக்கு வணிகத்தைப் பற்றியது. ஊராரின் பங்கோ தன்னை ஒருபோதும் வணிகமெனக் கருதியதில்லை. விற்பவனும் வாங்குபவனும் என்ற இரு தரப்பு அங்கே இல்லை. வாங்குவோர் மட்டுமே உளர்.

பங்கு போடும் முறை

பெருநாளுக்குச் சில கிழமைகளுக்கு முன்னரே ஒருவர் முன்னின்று பெயர்களைச் சேர்ப்பார். எத்தனை பேர் சேர்வர் என்பதைப் பொறுத்தே கிடாயின் பருமன் தீர்மானிக்கப்படும். சிறு குடும்பத்தினர் அரைப் பங்கு கேட்பதும், கையிற் காசில்லாதவர் வெங்காயமோ புகையிலையோ விற்றபின் தருவதாகச் சொல்வதும் உண்டு. பின்னர்க் கிடாய் தேடும் பணி தொடங்கும். கிளுவை வேலியும் பூவரசும் முள்முருக்கும் குழை தரும் ஊர்களில் ஆடு வளர்ப்பதற்குப் பெருஞ்செலவில்லை. கோப்பாயின் கீழ்ப்புறத்தே உப்பாற்றை அண்டிய வெளிகளும் தரவைகளும் மேய்ச்சலுக்கு இடமளித்தன. ஆட்டெரு தோட்டத்திற்கு உரமாயிற்று. இரண்டொரு ஆடுகளை வளர்த்து, பெருநாட் காலத்திற் கிடாயை விற்றுக் கைக்காசு தேடுவது பல வீடுகளிற் பெண்களின் முயற்சியாக இருந்தது. ஆகவே, பங்கிறைச்சி வாங்குவோரின் சேமிப்பாக மட்டுமன்றி வளர்ப்போரின் சேமிப்பாகவும் அமைந்தது. இடைத்தரகர்க்குச் செல்லவேண்டிய பணம் அயல்வீட்டுக் கொட்டிலுக்குச் சென்றது.

கிடாயின் நிறையை அறியத் தராசு தேவைப்படவில்லை. முதுகுத்தண்டின் இருமருங்கும் கைவைத்துத் தசையின் திரட்சியைப் பார்ப்பர். பல்லைப் பார்த்து வயதை அறிவர். இத்தகைய மதிப்பீட்டில் தேர்ந்த முதியவர் ஊருக்கு ஒருவராவது இருந்தார். விலை முற்றானபின், குறித்த நாளின் விடியற்புறத்திலே கிடாய் வெட்டப்படும். மரக்கிளையிற் கட்டித் தோலுரித்து, மரக்குத்தியில் வைத்துத் துண்டமிடுவர். இரத்தம் வறைக்கும், குடல் கறிக்கும், எலும்பு சாற்றிற்கும் ஆகும். எறியப்படுவது மிகச் சிறிதே.

துண்டமிட்டபின் நிகழும் பங்கீடே இம்மரபின் நுட்பமான பகுதியாகும். வாழையிலைகளோ ஓலைப்பாய்களோ விரிக்கப்பட்டு, பங்குகளின் தொகைக்கேற்பக் கூறுகள் வைக்கப்படும். தொடையிறைச்சி எடுக்கப்பட்டால் அஃது எல்லாக் கூறுகளுக்கும் சென்று முடிந்த பின்னரே விலாப்பகுதி எடுக்கப்படும். எலும்பும் கொழுப்பும் அவ்வாறே. ஈரல் மிகச் சிறிதாயினும் ஒவ்வொரு கூற்றிலும் ஒரு துண்டு இருத்தல்வேண்டும். சுற்றி நிற்போர் கூறுகளை ஒப்புநோக்கி, ஒன்றிற் குறைவு கண்டால் மற்றொன்றிலிருந்து எடுத்து வைக்கச் சொல்வர். சமனாயிற்று என யாவரும் ஒப்புக்கொண்ட பின்னரே கூறுகள் உரியவரைச் சேரும். சில வட்டங்களிற் திருவுளச்சீட்டுப் போடுவதும் உண்டு. எந்தக் கூறு தமக்கு வருமென்று பிரிப்பவர் அறியாதபோது எல்லாக் கூற்றையும் சமமாக வைப்பதே அவர்க்கு நன்மையாகின்றது. நீதியை நல்லெண்ணத்திடம் விடாமல் முறையிடம் ஒப்படைத்த அறிவு இது.

சிக்கனத்தின் கணக்கு

இவ்வாறு பெறும் இறைச்சி கடையிற் பெறுவதிலும் மலிவாவது ஏன் என்பது ஆராயற்பாலது. எடுத்துக்காட்டாக, 30 கிலோ உயிர்நிறையுள்ள கிடாயொன்றைக் கொள்வோம். ஆட்டின் உயிர்நிறையில் ஏறத்தாழச் சரிபாதியோ அதனிற் சற்றுக் குறைவோ இறைச்சியாகத் தேறும். 45 வீதமெனக் கொண்டால் 13½ கிலோ கிடைக்கும். பத்துப் பங்காயின் ஒவ்வொருவர்க்கும் 1 கிலோ 350 கிராம். கிடாயின் விலையைப் பத்தாற் பிரித்து வருந் தொகையே ஒருவர் கொடுப்பது. தலை, கால், ஈரல், குடல், தோல் ஆகியவை இக்கணக்கிற்கு மேலதிகம். கடையில் இவை தனித்தனியே விலைபெறும். பங்கிலே இவை பகிரப்படும், அல்லது விற்கப்பட்டு அப்பணம் செலவிற் கழிக்கப்படும்.

ஆயினும் வணிகனின் இலாபம் நீங்குவது மட்டுமே மலிவிற்குக் காரணமெனக் கொள்வது முழுமையான விளக்கமாகாது. இறைச்சி வணிகனை வருத்தும் பெரும் இடர் விலைப்படாது எஞ்சும் இறைச்சியாகும். வெப்பநாட்டில், குளிரூட்டும் வசதியற்ற காலத்தில், மாலைவரை விற்காத இறைச்சி மறுநாளைக்கு உதவாது. அந்த நட்டத்தையும் எதிர்பார்த்தே அவன் விலை வைக்கவேண்டியுள்ளது. பங்கிலோ கிடாய் வெட்டப்படுவதற்கு முன்னரே முழுதும் விலைப்பட்டுவிடுகின்றது. எஞ்சுவதற்கு ஒன்றுமில்லை, ஆதலால் நட்டத்திற்கென ஒதுக்கவும் ஒன்றுமில்லை. மேலும், எந்த வீட்டுக் கிடாய், என்ன தின்று வளர்ந்தது என்பன யாவர்க்கும் தெரியும். கிழட்டு ஆட்டை இளங்கிடாயென விற்கும் ஏமாற்றுக்கு இடமில்லை. தரத்தை அறிவதற்கான செலவும் இவ்வாறு மிஞ்சுகின்றது. சுருங்கக்கூறின், பங்கிறைச்சியை மலிவாக்கிய மூலப்பொருள் நம்பிக்கையே.

இத்தகைய தேவைக்கு இத்தகைய விடை காண்பது யாழ்ப்பாணத்தவர்க்கு மட்டும் உரிய திறனன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்த கமக்காரர் ‘மாட்டிறைச்சி வளையம்’ என்னும் பெயரிற் கூட்டுகளை அமைத்திருந்தனர். கோடையில் இறைச்சி விரைவிற் பழுதாகும். ஆகையால் ஒரு வளையத்தைச் சேர்ந்த குடும்பங்கள் முறைவைத்துக் கிழமைக்கு ஒரு மாட்டை வழங்க, அதனை வெட்டி யாவரும் பகிர்ந்துகொண்டனர். பருவம் முடியும்போது ஒவ்வொரு குடும்பமும் மாட்டின் எல்லாப் பகுதிகளையும் பெற்றிருக்குமாறு ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. ஈரலைத் துண்டாடி எல்லாக் கூற்றிலும் வைத்த யாழ்ப்பாணத்தார் ஒரே நாளிற் செய்ததை அவர்கள் பல கிழமைகளிற் செய்தனர். குளிரூட்டி வீடுகளுக்கு வந்தபின் அவ்வளையங்கள் மறைந்தன. இஸ்லாமிய மரபிலும் உழ்ஹிய்யாவின்போது ஒரு மாட்டில் எழுவர் பங்குகொள்ள இடமுண்டு. அவ்விறைச்சியில் வறியவர்க்கும் கொடுத்தல்வேண்டும் என்பது அம்மரபின் சிறப்பு. இங்கிலாந்தின் றொச்டேலில் 1844இல் நெசவாளர் தொடங்கிய கூட்டுறவுக் கடையை முன்னோடியாகக் கொண்ட கூட்டுறவு இயக்கம், 1911ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாக இலங்கையிற் கால்கொண்டது. அது யாழ்ப்பாணத்தில் நன்கு வேர்விட்டமைக்குப் பங்கிடும் பழக்கம் முன்னரே இங்கு இருந்தமையும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

வட்டத்திற்கு வெளியே

இதுவரை கூறியவற்றால் பங்கிறைச்சி ஒரு சமத்துவ மரபெனத் தோன்றலாம். ஆயின் வரலாற்று நோக்கு அவ்வளவில் அமைதல் கூடாது. பங்குகள் சமமாயிருந்தன என்பது உண்மை. பங்காளர் யாவர் என்னும் வினாவே முக்கியமானது.

யாழ்ப்பாணக் கிராமம் சாதியால் வகுக்கப்பட்டிருந்தது. நிலமும் கிணறும் உடையோர் ஒருபுறமும், குடிமை முறையால் அவர்க்குத் தொண்டு செய்ய நியமிக்கப்பட்டோரும் நிலமற்ற கூலியாளரும் மறுபுறமுமாக வாழ்ந்தனர். பங்கு வட்டம் பெரும்பாலும் உறவையும் அயலையும் சார்ந்தது. உறவும் அயலும் சாதியைச் சார்ந்தன. ஆடு வெட்டித் தோலுரித்துத் துப்புரவாக்கும் கடும்பணி பலவிடங்களில் ஒடுக்கப்பட்ட மக்களிடம் விடப்பட்டது. அவர்கள் பெற்றது கூறுகளுள் ஒன்றன்று. தலையோ காலோ குடலோ கூலியாகவோ பெருநாட் கொடையாகவோ அவர்களுக்குச் சென்றது. தொல்காப்பியம் வகுத்த சொற்களாற் கூறுவதாயின், வட்டத்தின் உள்ளே பாதீடு நிகழ்ந்தது. வெளியே நின்றோர்க்குக் கொடையே கிடைத்தது. இறைச்சியின் அளவு இருவர்க்கும் ஒன்றாகவே இருந்தாலும் அவர் பெற்றவை ஒன்றல்ல. பங்கு பெற்றவன் குறைகண்டாற் கேட்கலாம்; கொடை பெற்றவன் கேட்கலாகாது.

ஆகவே, பங்கிறைச்சியின் மலிவிற்கு நம்பிக்கை ஒரு காரணமாயின், உரிய விலை பெறாத உழைப்பு மற்றொரு காரணமாக இருந்தது. சிக்கனத்தைப் போற்றும்போது, அச்சிக்கனத்திற்காக யாருடைய கூலி குறைந்தது என்பதையும் கேட்டல்வேண்டும். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும், 1968இல் மாவிட்டபுரத்திற் கோவிற் கதவைத் திறக்கக்கோரி எழுந்த போராட்டமும் அறியப்பட்ட நிகழ்ச்சிகள். கோவிலிலும் தேநீர்க்கடையிலும் எழுந்த அதே வினா, வாழையிலையிற் கூறு வைக்கும் முற்றத்திலும் ஓசையின்றி எழுந்திருத்தல்வேண்டும். கல்வியும் கடல்கடந்த உழைப்பும் நிலைமையைப் படிப்படியாக மாற்றின. வெட்டுபவர் பணமாகக் கூலி கேட்கவும், தாமும் ஒரு பங்கிற்குப் பெயர் கொடுக்கவும் வழிபிறந்த இடங்களிற் பங்கின் விலை சற்று ஏறியிருக்கலாம். ஆனால் அங்கேதான் அது உண்மையான பங்காயிற்று.

பெண்களின் நிலையும் கருதற்குரியது. கிடாயைக் குழையிட்டு வளர்த்தவர் பெரும்பாலும் பெண்களே. பங்கைச் சமைத்தவரும் அவரே. ஆயின் முற்றத்தில் நின்று கூறுகளைச் சமன் செய்தோர் ஆடவர். கேதாரகௌரி விரதம் ஐப்பசி அமாவாசையன்றே நிறைவெய்தும். இருபத்தொரு நாள் விரதம் இருந்து கௌரிகாப்பிற்குக் காத்திருக்கும் பெண்கள் பலர், தீபாவளியன்று தாம் உண்ணாத இறைச்சியைப் பிறர்க்குச் சமைத்து வைப்பர். குடும்பத்தின் பங்கு எனக் கூறப்படுவதன் உள்ளேயும் பங்கீடு உண்டென்பதை இது நினைவூட்டுகின்றது.

போர்க்காலம்

கடந்த நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த போர் இம்மரபையும் விட்டுவைக்கவில்லை. 1987 ஒக்டோபரில் இந்தியப் படையினர்க்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே மூண்ட போர் வலிகாமமெங்கும் பரவிற்று. அவ்வாண்டின் தீபாவளி ஒக்டோபர் 21ஆம் திகதி. யாழ்ப்பாணம் பொது வைத்தியசாலையிற் படையினர் புகுந்து நோயாளரையும் மருத்துவரையும் தாதியரையும் கொன்றது அன்றுதான். அத்தகைய நாளிற் பங்கு போடுவார் யாவர்? 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியபின் குடாநாடு மின்சாரத்தை இழந்தது; பொருளாதாரத் தடையால் எரிபொருளும் பிறவும் அரிதாயின. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக நகரின் இறைச்சி வணிகத்தை நடத்திவந்தோர் சில மணி நேரத்தில் யாவற்றையும் விட்டு நீங்கவேண்டியதாயிற்று. பங்கு வட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் வரலாற்றில் இதனினும் கொடிய பக்கம் வேறில்லை.

குளிரூட்டியில்லாத அவ்வாண்டுகளிற் பங்கு முறை பழைய தேவைக்குத் திரும்பிற்று. அன்றே வெட்டி அன்றே பகிர்ந்து அன்றே உண்பதைத் தவிர வேறு வழியில்லை. 1995ஆம் ஆண்டின் தீபாவளி ஒக்டோபர் 23ஆம் திகதி வந்தது. ஒரு கிழமை கழித்து, ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். கோப்பாய்–கைதடி வீதியும் செம்மணி–நாவற்குழி வீதியும் மக்களால் நிறைந்தன. மாடுகளும் ஆடுகளும் கட்டவிழ்க்கப்பட்டு ஊரிலேயே விடப்பட்டன. 1996இல் மக்கள் மீண்டபோது பல வீடுகளிற் கொட்டில்கள் வெறுமையாயிருந்தன. கிடாய்களை மீண்டும் பெருக்கலாம். ஆயின் முன்னின்று பெயர் சேர்த்தவரும் கைவைத்து நிறை சொன்னவரும் அயலிற் பங்கு கேட்டவரும் பலர் திரும்பவில்லை. நம்பிக்கையை மூலப்பொருளாகக் கொண்ட ஒரு முறைக்கு இதுவே பேரிழப்பாகும்.

இன்றைய நிலை

போர் முடிந்தபின் வீதியோரங்களிற் கடைகளும் வீடுகளிற் குளிரூட்டிகளும் பெருகின. கோழியிறைச்சி அன்றாட உணவாயிற்று. வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டார்க்கு விலை பொருட்டாகவில்லை. தோட்டங்களைச் சூழ்ந்த கிளுவை வேலிகள் மதில்களாக மாற, குழைக்கும் தட்டுப்பாடு தோன்றிற்று. இறைச்சி வெட்டுதல் பற்றிய மனப்பாங்கும் மாறி வந்தது. கவுணாவத்தை வைரவர் கோவில் முதலிய இடங்களில் நிகழ்ந்த வேள்விகளைப் பற்றிய விவாதம், 2017ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலயங்களில் உயிர்ப்பலியைத் தடைசெய்து கட்டளையிடும் அளவிற்கு நீண்டது. நாவலர் தொடங்கிய விவாதம் நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. சுகாதாரத்தை வலியுறுத்துவோர், பரிசோதனையின்றி முற்றத்தில் வெட்டப்படும் இறைச்சியின் தீங்கை எடுத்துரைப்பதும் தள்ளத்தக்கதன்று.

இவ்வளவு மாற்றங்களுக்கு இடையிலும் பங்கு மறைந்துவிடவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளும் மருந்தும் உணவும் எட்டா விலையடைந்தபோது, கூட்டாக வாங்கிப் பகிர்தல் பழைமை விரும்பிகளின் ஆசையன்று, வாழ்வதற்கான வழியென்பதை இலங்கையர் மீண்டும் அறிந்தனர். தீபாவளியை அண்டிய நாள்களில் ‘பங்கு ஒன்று போடுவமோ?’ என்னும் கேள்வி யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இன்றும் கேட்கின்றது. பெயர்கள் கொப்பியில் எழுதப்படுவதற்குப் பதிலாகக் கைபேசியிற் சேர்க்கப்படுவதே வேறுபாடு.

முடிவாக நோக்குமிடத்து, பங்கிறைச்சி மரபு இரு பாடங்களைத் தருகின்றது. வெட்டுவதற்கு முன் விலைப்படுத்தல், எதனையும் வீணாக்காமை, பிரிப்பவரையும் முறைக்கு உட்படுத்தல் ஆகியவற்றால் எளியோரும் அரிய பொருளைப் பெறலாம் என்பது முதலாவது. அம்முறை எவ்வளவு நேர்மையானதாயினும், யாரை உள்ளே சேர்த்தது, யாரை வெளியே நிறுத்தியது என்பதைக் கொண்டே வரலாறு அதனை மதிப்பிடும் என்பது இரண்டாவது. கோப்பாய் மக்கள் ஈரலின் சிறு துண்டைக்கூட எல்லாக் கூற்றிலும் வைக்கக் கற்றிருந்தனர். அந்த நுண்ணிய நீதி ஒரு முற்றத்தின் எல்லைக்குள் நின்றுவிட்டதே அதன் குறை. கூறுகளைச் சமன் செய்வதிற் காட்டிய அக்கறையைப் பெயர்களைச் சேர்ப்பதிலும் காட்டும் நாளில், இவ்வெளிய மரபு பாதீடு என்னும் தன் பழம்பெயர்க்கு முற்றும் உரியதாகும்.